நூறு ரூபாய் கேட்ட கடிதம்

"சார், ஒரு லட்சம் பேருக்கு லெட்டர் போட்டேன். ஒருத்தன்கூட வரலை!"

திண்டிவனத்திலிருந்து நண்பர் போனில் புலம்பினார். சொந்தமாக ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், அரிசி மூட்டைக்கு லேபிள் என்று ஒரு காலத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிய பிரஸ். இப்போது கல்யாணப் பத்திரிகை பாதி வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. பில் புக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மெஷினுக்கு வாங்கிய கடன் மட்டும் எங்கேயும் போகவில்லை!

'புது கஸ்டமர் வேணும்னா ஈ-மெயில்தான் ஒரே வழி' என்று யாரோ சொல்லி, ஒரு லட்சம் முகவரிகள் கொண்ட பட்டியலை எட்டாயிரம் ரூபாய்க்கு இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் மொத்தப் பேருக்கும் கடிதம் அனுப்பப் பார்த்திருக்கிறார். வந்த பதில்கள் மூன்று. 'நீங்க யாரு?' என்று ஒன்று. 'இனிமேல் எழுதாதே' என்று இன்னொன்று. மூன்றாவது ஆசாமி ரொம்பப் பண்பானவர். 'என்னிடம் இரண்டு லட்சம் முகவரிகள் இருக்கின்றன, வேண்டுமா?' என்று கேட்டிருந்தார்! மறுநாள் சாயங்காலத்துக்குள் நண்பருடைய மெயில் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. எட்டாயிரம் என்பது பிரஸ்ஸில் வேலை பார்க்கும் பையனின் சம்பளத்தில் பெரும்பகுதி.

இதைக் கேட்டதும் எனக்கு 1920-ல் ஒருவர் அனுப்பிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அவரும் தமிழ்நாடு முழுக்க முகம் தெரியாத வாசகர்களைப் பிடிக்கத்தான் ஆசைப்பட்டார். பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் நண்பரின் ஊர் வழியாக ஓடும் ரயில் பாதையை ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஏனென்றால், தமிழர்கள் 'தபாலில் ஆள் பிடிக்க' கற்றுக்கொண்டது இந்தப் பாதையில்தான்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்... அந்தக் காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது இது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒரு கிளையும் போட்டார்கள். அன்றைக்கு இது வெறும் ரயில் பாதை இல்லை. சென்னைப் பட்டணத்தில் அச்சாகிற எதுவும் காவிரிக் கரைக்குப் போகவேண்டுமென்றால், தபால் பைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தாண்டித்தான் போகவேண்டும்.

தபாலும் அப்போதுதான் சாமானியனின் கைக்கு எட்ட ஆரம்பித்திருந்தது. 1854 வரை கடிதத்துக்குத் தூரத்தைப் பார்த்துத்தான் காசு. அந்த வருடம் நாடு முழுவதற்கும் ஒரே ஸ்டாம்ப், ஒரே கட்டணம் வந்தது. அரையணா ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், சென்னையில் போடுகிற கடிதம் திண்டிவனத்துக்கும் போகும், லாகூருக்கும் போகும். 1879-ல் காலணாவுக்கு போஸ்ட் கார்டு வந்தது. 1880-ல் தபாலாபீஸிலேயே மணியார்டர்.

இதற்கெல்லாம் கொஞ்சம் முன்னால், 1877-ல், சத்தமில்லாமல் ஒரு ஏற்பாடு நுழைந்தது. வி.பி.பி! இன்றைய இளைஞர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நீங்கள் ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டால், கடைக்காரர் பார்சல் அனுப்புவார். தபால்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல் உங்கள் கைக்கு வரும். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்காரருக்குப் போய்ச் சேரும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டீர்களா? பார்சல் திரும்பிப் போகும். தபால் செலவு கடைக்காரரின் தலையில்.

கவனித்தீர்களா? விற்பவனுக்கு வாங்குபவனைத் தெரியாது. வாங்குபவனுக்கு விற்பவனைத் தெரியாது. ஆனால் இருவருக்கும் தபால்காரரைத் தெரியும்! அந்தக் காக்கிச் சட்டை மேல் இருந்த நம்பிக்கையில்தான் மொத்த வியாபாரமும் ஓடியது.

(வி.பி.பி-யில் ஏமாந்தவர்களும் உண்டு. பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே காசு கொடுத்தாக வேண்டும் அல்லவா? என் மாமா ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து 'காமிரா' வரவழைத்தார். வந்தது ஒரு தகர டப்பா. ஆனால் அதில் ஒரு லென்ஸ் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்!)

இதே பாதையில் 1880-களில் அடிக்கடி ரயிலேறிய ஒரு பயணியைப் பார்ப்போம். கும்பகோணம் காலேஜின் தமிழ்ப் பண்டிதர், உ.வே.சாமிநாதையர். கையில் ஏட்டுச்சுவடிகளோடு ஒப்பிட்டுத் தயார் செய்த சீவக சிந்தாமணி. அதை அச்சில் ஏற்றவேண்டும். காகிதத்துக்குக் காசு, அச்சுக்கூலிக்குக் காசு. பண்டிதர் சம்பளத்தில் முடிகிற காரியமா?

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. பெயர், 'கையொப்பம்' வாங்குவது. அச்சாகப் போகிற புத்தகத்தைப் பற்றிச் சொல்லி, 'வெளிவந்ததும் எனக்கு இத்தனைப் பிரதி' என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஐயர் கடிதம் எழுதினார், நேரில் போய் நின்றார், பெரிய மனிதர்களான நண்பர்களை விட்டுச் சொல்லச் சொன்னார். லீவு கிடைத்தபோதெல்லாம் சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து புரூஃப் திருத்தினார். 1887-ல் சிந்தாமணி வெளியே வந்துவிட்டது. ஜைனக் காப்பியம், கடினமான தமிழ், அதுவரை பெரும்பாலானவர்கள் முழுசாகப் பார்த்தே இராத நூல். அதற்கே ஆள் கிடைத்தார்கள்!

எப்படிக் கிடைத்தார்கள் என்பதுதான் விஷயம். ஐயர் ஊரில் உள்ள எல்லாரிடமும் போகவில்லை. தமிழ் மேல் பிரியம் உள்ளவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர், அவர் சிபாரிசு செய்கிற மூன்றாமவர்... இப்படி ஒரு சங்கிலி. எதிராளியிடம் அவர் முதலில் கேட்டதும் ஒரு கையெழுத்துதான். இதே தந்திரத்தை 1872-ல் சிகாகோவில் மான்ட்கோமரி வார்டு என்பவர் வேறு மாதிரி செய்தார். ஒரே ஒரு தாளில் சாமான்களின் விலைப்பட்டியலை அச்சடித்துத் தபாலில் விட்டார். யாருக்கு? 'கிரேஞ்ச்' என்ற விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு. 'நான் உங்கள் சங்கத்துக்குச் சரக்கு கொடுப்பவன்' என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 1875-ல், 'பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்' என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒற்றைத் தாள் பிறகு தலையணை சைஸ் புத்தகமாக வளர்ந்தது வேறு கதை.

தமிழ்நாட்டிலும் இந்தக் கலையில் தேறியவர்கள் வந்தார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து பட்டணத்துக்கு வந்த ஓர் இளைஞர் 1920-களில் தபால்வழி வியாபாரமும் விளம்பர ஏஜென்சியும் நடத்திக்கொண்டிருந்தார். தான் விளம்பரம் கொடுத்துவந்த ஒரு பத்திரிகை திடீரென்று நின்றுபோக, என்ன ஏதென்று விசாரிக்கப் போய், 1928-ல் அந்தப் பத்திரிகையையே வாங்கிவிட்டார். பெயரில் உள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று சொல்வார்கள். பத்திரிகை ஆனந்த விகடன், இளைஞர் எஸ்.எஸ்.வாசன். 'சந்திரலேகா' எடுத்து நாடு முழுக்கத் திரையிட்ட மனிதர் முதலில் படித்த பாடம், போஸ்ட் கார்டில் வரும் ஆர்டர்தான்!

இனி அந்த 1920-ம் வருடக் கடிதத்துக்கு வருவோம். எழுதியவர், சி.சுப்பிரமணிய பாரதி.

பாரதிக்கும் விழுப்புரம் பாதைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1908-ல் கைதுக்குத் தப்பி அவர் பாண்டிச்சேரி போனதும், பின்னாலேயே 'இந்தியா' பத்திரிகையும் அங்கே குடிபெயர்ந்தது. அச்சடிப்பது பிரெஞ்சுக்காரன் மண்ணில். வாசகர்கள் இருப்பது வெள்ளைக்காரன் மண்ணில். நடுவே தபால்! பிரிட்டிஷ் சர்க்கார், 'இந்தியா' தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. சந்தாதாரர்கள் பக்கம் போலீஸின் பார்வை திரும்பியது. வாசகர் முகவரி என்பது பத்திரிகைக்குச் சொத்து. அதே முகவரி போலீஸ் கையில் கிடைத்தால் குற்றப்பட்டியல். 1910 மார்ச்சில் 'இந்தியா' மூச்சை விட்டது. எழுதுகிறவர் இருந்தார், படிக்கிறவர்கள் இருந்தார்கள், நடுவில் இருந்த தபால் வழி அடைபட்டுப்போனது.

1918 நவம்பரில் பாண்டிச்சேரியை விட்டு வெளியே வந்தவரைக் கடலூர் பக்கத்தில் கைது செய்து, டிசம்பரில் விட்டார்கள். மனைவியின் ஊரான கடையத்துக்குப் போனார். வருமானம் இல்லை. அங்கே இருந்த காலத்தில்தான், 1920-ல், பாரதி ஒரு வியாபாரத் திட்டம் போட்டார். ஆமாம், வியாபாரத் திட்டமேதான்!

தன்னுடைய எழுத்துகள் அனைத்தையும் 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. ஆக மொத்தம் 4 லட்சம் பிரதிகள். ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். இந்தப் பணத்தை நண்பர்களும் அபிமானிகளும் ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாயாகக் கடன் தரவேண்டும். மாதம் 2 சதவிகித வட்டி. ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட் எழுதிக் கொடுத்துவிடுவார். ஓரிரண்டு வருடத்தில் எல்லாம் விற்றுவிடும், ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் நிற்கும். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீட்டுக்கு வீடு இருக்கிறதோ, அப்படித் தன் புத்தகங்களும் புழங்கும் என்பது அவர் நம்பிக்கை.

இதை அச்சடித்த கடிதமாகவே பலருக்கு அனுப்பினார்.

பணம் வரவில்லை. திட்டம் படுத்துவிட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் பாரதி காலமானார். வயது 39 நிறையவில்லை.

'கவிஞனுக்குக் கணக்கு தெரியுமா?' என்று இந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படிச் சிரிக்கத் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். 4 லட்சம் பிரதிக்கு ஒன்றரை லட்சம் லாபம் என்றால், பிரதிக்கு ஆறணா. பேராசையா இது? குறைந்த விலை, அதிகப் பிரதி, வீட்டுக்கு வீடு. இதையேதான் 15 வருடம் கழித்து, 1935-ல், இங்கிலாந்தில் ஆலன் லேன் 'பெங்குவின்' என்ற பெயரில் ஆறு பென்ஸ் புத்தகமாகச் செய்தார். உலகமே கைதட்டியது. ஆனால் லேனுக்கு ஓர் அதிர்ஷ்டம். புத்தகக் கடைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, சில்லறைச் சாமான் விற்கும் ஊல்வொர்த் கடைகள் 63,500 பிரதிக்கு ஆர்டர் கொடுத்தன. ஒரே ஒரு கஸ்டமர், ஆனால் சரியான கஸ்டமர்! பாரதிக்கு அப்படி ஒரு ஊல்வொர்த் இல்லை. சென்னை மாகாணத்தில் அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டவர்கள் 4 லட்சம் பிரதிகளை வாங்கக்கூடிய வாசகர்கள். கடிதம் தேடியதோ, ஆளுக்கு நூறு தரக்கூடிய 200 கடன்காரர்களை! நூறு ரூபாய் என்றால் அன்றைக்கு என்ன? 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழ் வாத்தியாராக இருந்தபோது பாரதியின் மாதச் சம்பளமே பதினேழரை ரூபாய். அந்தக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். அதையும் கொடுக்கவேண்டியது யாருக்கு? ஜெயிலிலிருந்து வந்தவருக்கு, போலீஸ் கண்ணிலேயே இருப்பவருக்கு. கொடுத்தால் தன் பெயரும் ஏதாவது பட்டியலில் ஏறுமோ என்று ஒரு குமாஸ்தா பயந்திருந்தால் அவரைக் குறை சொல்லமுடியுமா?

அதே கடிதத்தில் 'முதல் புத்தகம் வருகிறது, ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறீர்களா, கையெழுத்துப் போடுங்கள்' என்று உ.வே.சா. மாதிரிக் கேட்டிருந்தால்? எட்டணாவோ, ஒரு ரூபாயோ வி.பி.பி-யில் கொடுக்கத் தயாரான நூறு பேர் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்திலேயே கிடைத்திருக்கமாட்டார்களா? இப்படி நினைக்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் கனக்கிறது. எட்டயபுரத்துக்காரருக்கு வட்டி விகிதம் வரை தெரிந்திருந்தது. கடிதத்தில் எவ்வளவு கேட்கலாம் என்பதைச் சொல்லித்தர அருகில் ஒரு வாசன் இல்லாமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1949-ல் சென்னை சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பிறகு அது பொதுமக்களுக்கே சொந்தமாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கு வீட்டை விட்டுப் போய்விட்டது. பாரதி புத்தகம் இருக்கிறது!

சரி, ஈ-மெயிலுக்கு வருவோம். வியாபாரத்துக்காக மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் ஈ-மெயில் என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் போனது. அமெரிக்காவின் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க், புது மாடல் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வரும்படி ஓர் அழைப்பு அனுப்பினார். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு. அத்தனை முகவரிகளும் ஓர் அச்சடித்த டைரக்டரியிலிருந்து எடுத்து டைப் அடித்தவை. 'ராணுவ ஆராய்ச்சிக்கான நெட்வொர்க்கில் என்னய்யா வியாபாரம்?' என்று அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் மூலம் 1 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்புள்ள மெஷின்கள் விற்றதாக துர்க் பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

அந்த 400 பேரும் கம்ப்யூட்டர் துறை ஆசாமிகள். துர்க் கேட்டது பணம் இல்லை, 'வந்து பாருங்கள்' என்று மட்டும்தான். திட்டிவிட்டும் சிலர் போய்ப் பார்த்தார்கள்.

அதன் பிறகு வந்தவர்கள் டைரக்டரியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். வி.பி.பி காலத்தில் தப்பான ஆளுக்குப் பார்சல் போனால் அனுப்பியவருக்கு நஷ்டம். ஆகவே யாருக்கு அனுப்புவது என்று பத்து தரம் யோசித்தார். ஈ-மெயிலில் தப்பான ஆளுக்குப் போனாலும் அனுப்பியவருக்கு நஷ்டமில்லை, அதை அழிக்க நேரம் செலவழிப்பது நாம்! கடைசியில் தபாலாபீஸே கோபித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியிலிருந்து, தன் பயனாளிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் கடுமையான நிபந்தனைகள் போட்டது. தான் யார் என்று தொழில்நுட்ப ரீதியாக நிரூபிக்கவேண்டும், விளம்பரக் கடிதத்தை ஒரே க்ளிக்கில் 'வேண்டாம்' என்று சொல்ல வசதி தரவேண்டும், ஆயிரம் பேரில் மூன்று பேர் குப்பை என்று புகார் செய்கிற அளவுக்குப் போகக்கூடாது. என் நண்பர் மாட்டிக்கொண்டது இந்த மாதிரி ஒரு சல்லடையில்தான்.

உ.வே.சா. கதையை நண்பரிடம் சொன்னேன். 'சார், நான் சிந்தாமணியா விக்கிறேன்?' என்றார் எரிச்சலோடு. அப்புறம் ஒரு வாரம் பேச்சே இல்லை.

பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். திண்டிவனத்திலிருந்து மயிலம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை அரிசி ஆலைகளையும் ஸ்வீட் ஸ்டால்களையும் பழைய பில் புக்குகளை வைத்து நோட்டில் எழுதியிருக்கிறார். 43 பெயர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஈ-மெயில். 'உங்கள் பங்காளி ஆலைக்குப் பத்து வருஷமா லேபிள் அடிக்கிறது நான்தான். உங்க பேர் போட்டு ஒரு மாதிரி லேபிள் அடிச்சு அனுப்பட்டுமா? காசு வேண்டாம்' என்று நாலு வரி.

"பதினொரு பேர் 'அனுப்புங்க'ன்னு சொல்லியிருக்காங்க சார். அதுல ரெண்டு ஆர்டர்."

"ரெண்டுதானா?"

"ரெண்டு வந்துருச்சு. மீதி ஒன்பதுல ஒருத்தர் விழுப்புரத்துல பெரிய மில்லு. அவரு மெயிலெல்லாம் பார்க்கறதில்லையாம், பையன்தான் பார்க்கறான். நேர்ல வான்னு சொல்லியிருக்காரு. நாளைக்குக் காலைல பாஸஞ்சர்ல போறேன்."

மாதிரி லேபிள் சுருளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.